டோன்ஜோன்: பாதாளச் சிறையா, உள்ளரணா?

டோன்ஜோன் பழைய பிரெஞ்சுச் சொல். கோட்டைக்குள் பிரபு குடியிருந்த பெருங்கோபுரம் அது; வெளிமதில்கள் விழுந்தபின் கடைசிப் புகலிடமும் அதுதான். ‘தலைவன்’ எனப் பொருள்படும் லத்தீன் ‘டோமினுஸ்’ இதன் வேர்.

ஆங்கிலத்துக்குப் போய் ‘டஞ்சன்’ ஆனபோது பொருள் இறங்கியது. கோபுரத்தின் அடித்தளத்தில் சன்னல் இராது. தானியமும் தளவாடமும் வைக்கும் கிடங்கு. பிரபுக்கள் வசதியான மாளிகைகளுக்குப் பெயர்ந்தபின் இத்தகைய இருட்டறைகளில் கைதிகளை அடைத்தார்கள். சொல் சிறைக்கு ஒட்டிக்கொண்டது. கோபுரத்தை ‘கீப்’ என்றார்கள். பிரெஞ்சு டோன்ஜோனைப் ‘பாதாளச் சிறை’ என்று மொழிபெயர்ப்பவர் பிரபுவையே சிறையில் தள்ளிவிடுகிறார்.

வட பிரான்சின் கூசி கோட்டையில் இருந்தது இவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் கூசியின் பிரபு மூன்றாம் ஆங்கெராந் கட்டியது. உயரம் சுமார் 54 மீட்டர், விட்டம் 31 மீட்டர். வட்டமாகக் கட்டியதற்குக் காரணம் உண்டு. சதுரக் கோபுரத்தின் மூலைதான் பலவீனம். 1215இல் இங்கிலாந்தின் ரோசெஸ்டரில் மன்னர் ஜானின் படை மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, முட்டுக்கட்டைகளைப் பன்றிக் கொழுப்பு ஊற்றி எரித்தது, மூலை சரிந்தது. மீண்டும் கட்டியபோது அந்த மூலையை மட்டும் வட்டமாக்கினார்கள்.

1692 நிலநடுக்கத்தில் கூசி கோபுரம் விரிசல் கண்டது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் இரும்புப் பட்டைகளால் இறுக்கிக் கட்டினார். 1862இல் அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமானது. 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படை 28 டன் வெடிமருந்தால் தகர்த்தது. இடிபாடு இன்றும் அரசின் பாதுகாப்பில் உள்ளது.

டோன்ஜோனைத் தமிழில் சிலர் ‘கொத்தளம்’ என்கிறார்கள், தவறு. கொத்தளம் மதிலோடு சேர்ந்து வெளியே துருத்தி நிற்பது. ‘காவற்கோபுரம்’ வெறும் கண்காணிப்பு மேடை. அங்கே யாரும் குடும்பம் நடத்துவதில்லை. ‘உள்ளரண்’ பொருந்தும், கோட்டைக்குள் தனி மதில் சூழ்ந்த பகுதியை ‘உட்கோட்டை’ எனப் பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை. அம்பு எய்யும் துளைக்குப் புதுச்சொல் தேடவேண்டாம், ‘ஏப்புழை’ பழந்தமிழிலேயே இருக்கிறது.

பாரிஸ் அருகேயுள்ள வென்சென் கொஞ்சம் சிக்கல். அதன் 14ஆம் நூற்றாண்டு டோன்ஜோன் பின்னாளில் நிஜமாகவே அரசுச் சிறையானது; 1749இல் பிரெஞ்சுத் தத்துவவாதி திதரோ அங்கே அடைபட்டார். அதையும் ‘சிறையாக்கப்பட்ட உள்ளரண்’ என்றே எழுதலாம்.