இழுப்பறைக்குள் கிடக்கும் அலாரம்

விருந்தினர் வரும் நாளில் படகைப் பளபளப்பாக்குவதில் ஊழியர்களைக் குறை சொல்ல முடியாது. டெக் கழுவியாகிவிட்டது, கண்ணாடி துடைத்தாகிவிட்டது, படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அதே கேபினில் மேசை இழுப்பறையைத் திறந்தால், டிஷ்யூ தாளில் சுற்றிய கார்பன் மோனாக்சைடு அலாரம். பேட்டரி தனியாக உருண்டுகொண்டிருக்கிறது. கேட்டால் எல்லாப் படகிலும் ஒரே பதில்: "கீச்சு கீச்சென்று கத்துகிறது சார், விருந்தினருக்குத் தொந்தரவு."

வாடகைப் படகுகளைச் சோதித்துச் சான்று தருவது என் தொழில். இந்த வாரமும் அதே இழுப்பறை, அதே பதில். பொறுமை போய்விட்டது.

"திறந்த கடலில் காற்றுக்கா பஞ்சம்?" என்று அடுத்த கேள்வி வரும். பஞ்சமில்லைதான். ஆனால் ஓடும் படகின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது; பின்புறக் குழாயிலிருந்து போகும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கலந்த புகை அங்கேயே சுழன்று, திறந்த கதவு வழியே கேபினுக்குள் வருகிறது. நங்கூரமிட்டு நிற்கும்போதோ எஞ்சின் அணைந்திருக்கும், ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். பல படகுகளில் அதன் குழாய் வாய், குழந்தைகள் காலைத் தொங்கவிட்டு உட்காரும் நீச்சல் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அருகில் கட்டிய இன்னொரு படகின் ஜெனரேட்டரும் போதும். "புகை நெடியே இல்லையே" என்பவர்களுக்கு: இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோடு கலந்து வெளியேறுவதால் சுத்தமாகிவிடும் என்பதும் தவறு. நீரில் அது மிகச் சொற்பமாகவே கரையும்.

என்னை அதிகம் கோபப்படுத்துவது வேறொன்று. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று யாராவது சொன்னால் உடனே கடல் ஒவ்வாமை என்று முடிவு கட்டி, மாத்திரை கொடுத்து, கேபினில் படுக்க வைக்கிறார்கள். நஞ்சு நிறைந்த அறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள்! அலையே இல்லாத இடத்தில் நிற்கும் படகில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் கடலைப் பழிக்காதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் எண் சரியாக இருக்கிறதே என்றும் ஆறுதல் அடையாதீர்கள். இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும்; சாதாரணக் கருவிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது.

அலாரம் காரணமில்லாமல் கத்துவதில்லை. விட்டுவிட்டு வரும் ஒற்றைக் கீச்சொலி, பேட்டரி தீர்ந்தது அல்லது அலாரத்தின் ஆயுள் முடிந்தது என்பதற்கு. காலாவதித் தேதி பின்புறத்தில் அச்சாகியிருக்கும், ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது ஒலியையும் மின்சுற்றையும் சோதிக்குமே தவிர, வாயுவை உணரும் பாகத்தை அல்ல. எஞ்சின் ஓடாமலே முழுமையாக அலறினால் படகின் பேட்டரிப் பெட்டியையும் பார்க்க வேண்டும். ஈய அமில பேட்டரி அளவுக்கு மீறி மின்னேறினால் வெளிவரும் ஹைட்ரஜனுக்கும் இந்த அலாரம் குரல் கொடுக்கும். அதுவும் வெடிக்கும் வாயுதான், பொய் எச்சரிக்கை என்று புறந்தள்ள வேண்டாம்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான், செய்வதில்லை, அவ்வளவே. அடுப்பு எரியாத நேரத்தில் காஸ் வால்வை சிலிண்டரிலேயே மூடுங்கள்; கசிந்த காஸ் காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும். பெட்ரோல் எஞ்சினென்றால் கிளப்பும் முன் குறைந்தது 4 நிமிடம் எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் ஊதுவிசிறி ஓடட்டும். முன்பதிவில் குழந்தை உண்டென்றால் குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் வேண்டும். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டிச் சமாளிக்க முடியாது, தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேல் கழன்றுவிடும்.

தயவுசெய்து, கயிற்றை அவிழ்க்கும் முன் விருந்தினர் முன்னிலையில் அலாரத்தின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திக் காட்டுங்கள். ஒலி எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியட்டும். நீந்துபவர்கள் நீரில் இருக்கும்வரை ஜெனரேட்டர் ஓடாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். குளிர் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்வார்கள். அலாரம் அலறினால் ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. எல்லோரையும் புகை வராத பக்கம் வெளியே கொண்டுவந்து, எஞ்சினையும் ஜெனரேட்டரையும் அணைத்து, தலையை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தால் அவர் பெரும்பாலும் படுக்கையில்தான் இருப்பார். தலைசுற்றல் உள்ளவர் சரியாகிவிட்டது என்று சொன்னாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.