அண்டர்கிராஃப்ட்: வீட்டைத் தாங்கும் கீழறை

இங்கிலாந்தின் பழைய நகர வீடுகளைப் பற்றிப் படித்தால் அண்டர்கிராஃப்ட் என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. தமிழில் 'நிலவறை' என்று எழுதிவிடலாம்தான். ஆனால் பாதிப் பொருள்தான் வந்து சேரும்.

'அண்டர்' என்றால் கீழே, அது தெரிந்ததுதான். 'கிராஃப்ட்' என்பது ஆங்கிலத்தில் அதே போல ஒலிக்கும் சொற்கள் குறிக்கும் கைவினையும் அல்ல, சிறு வயலும் அல்ல. மறைவிடத்தைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீனில் 'கிரிப்டா' ஆகி, டச்சு மொழி வழியாக உருமாறி ஆங்கிலத்துக்கு வந்தது. தேவாலயத்தின் அடியிலுள்ள 'கிரிப்ட்' இதற்கு உடன்பிறப்பு. இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் கிரிப்டோகரன்சியின் முதல் பாதியும் இதே வேர்தான்.

பொருள் புரிய செஸ்டர் நகரின் பிரிட்ஜ் தெருவுக்குப் போக வேண்டும். அங்குள்ள கூப்பர் இல்லத்தின் முகப்பில் 1664 என்று பொறித்திருக்கிறது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் முற்றுகைக்கு ஆளான நகரம் அது, 1646இல் பணிந்தது. போருக்குப் பின் மரச்சட்டங்களால் எழுப்பிய வீடு இது. ஆனால் அடியில் இருப்பது அதற்குப் பல நூற்றாண்டு மூத்த கல்லறை. அதாவது, கல்லால் கட்டிய அறை. சுவரிலிருந்து கிளம்பும் கல் வளைவுகள் மேலே சென்று ஒன்றையொன்று சந்திக்கின்றன; அவற்றின் மேல் கூரைக் கற்கள் அமர்ந்திருக்கின்றன. மேல்வீட்டின் பாரம் இவ்வளைவுகள் வழியாகச் சுவருக்கு இறங்குகிறது. மரவீடு எரிந்தாலும் இடிந்தாலும் கல் அறை தப்பிவிடும். பழைய நகரங்களில் இடைக்காலம் பெரும்பாலும் தரைக்குக் கீழே மிஞ்சியிருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, இது முழுக்கப் புதைந்த அறை அல்ல. செஸ்டரில் மணற்பாறை மேலாகவே இருப்பதால் ஆழமாகத் தோண்டவில்லை. முன்பக்கம் தெருவோடு ஒட்டித் திறக்கும். கடையாக, சரக்கறையாகப் பயன்பட்டது. அதன் தலைக்கு மேல்தான் 'ரோஸ்' (Rows) எனப்படும் கூரையிட்ட மாடி நடைபாதை போகிறது. தென்கிழக்கு இங்கிலாந்தின் வின்செல்சீ நகரில் இத்தகைய அறைகளில் பிரான்சின் காஸ்கனியிலிருந்து வந்த ஒயின் பீப்பாய்களை வைத்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நிலவறை என்றதும் இருண்ட, பூட்டிய, பொன் புதைத்த இடம்தான் நம் மனதில் எழும். தெருவைப் பார்த்த கடைக்கு அது பொருந்தாது. 'வளைகூரைக் கீழறை' என்பதே என் தேர்வு: கூரையின் வடிவம், இருக்கும் இடம் இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. ஒருமுறை அப்படி எழுதிவிட்டு, அப்புறம் வெறும் 'கீழறை' என்றே தொடரலாம். முழுக்க மண்ணுக்குள் இருக்கும் அறைக்கு மட்டும் நிலவறையை வைத்துக்கொள்ளலாம்.