காக்ளியா: நத்தை சரி, எலும்பு எங்கிருந்து வந்தது?

"காது கேளாத குழந்தைக்கு நத்தை எலும்பு பொருத்தும் அறுவை சிகிச்சை." ஒரு தொலைக்காட்சி நலவாழ்வு நிகழ்ச்சியில் திரையின் அடியில் ஓடிய வரி இது. மேலே பேசிக்கொண்டிருந்த மருத்துவர் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றித்தான், அதாவது உட்செவியின் சுருளான காக்ளியாவுக்குள் வைக்கும் கருவியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எலும்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. எழுத்து போட்டவர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டுவிட்டார். எங்கிருந்தோ என்ன, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். விலங்கியல் குறிப்புகள், நர்சிங் கையேடுகள், போட்டித்தேர்வு வினா விடை என்று எங்கே பார்த்தாலும் காக்ளியாவுக்கு இந்த 'நத்தை எலும்பு' கிடக்கிறது. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடுவோம். காக்ளியா லத்தீன் சொல், பொருள் நத்தை. லத்தீனுக்கு அது கிரேக்கத்தின் 'கொக்லியாஸ்' வழியாக வந்தது. அதற்கும் அடியில் சுருண்ட ஓடுள்ள உயிரைக் குறிக்கும் 'கொக்லோஸ்' இருக்கிறது. உட்செவியின் சுருண்ட பகுதிக்கு இந்தப் பெயரை வைத்தவர் இத்தாலிய உடற்கூறியலாளர் கேப்ரியேல் ஃபலோப்பியோ, 1561இல் வெளிவந்த தன் நூலில். கருக்குழாய்க்கு ஃபலோப்பியன் குழாய் என்று பெயர் வந்ததே, அந்த ஆள்தான். நடுச்செவிக்கு முரசின் பெயரை வைத்தவரும் அவரே. நம்முடைய செவிப்பறை அந்த வழியில் வந்த சொல். ஆக, மூலச்சொல்லில் நத்தை மட்டும்தான் உண்டு. எலும்பு நாம் சேர்த்தது.

ஏன் சேர்த்தோம் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. நடுச்செவியில் மூன்று எலும்புகள்: சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு. அருமையான பெயர்கள். கொல்லன் பட்டறையும் குதிரைச் சேணமும் காதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. மூன்றும் உண்மையிலேயே எலும்புகள்; அங்கவடி உடம்பிலேயே சிறியது, 3 மில்லிமீட்டர் சொச்சம். இந்த மூன்றையும் மொழிபெயர்த்த கை அதே வேகத்தில் நாலாவதுக்கும் ஒரு எலும்பைப் போட்டிருக்கும். பட்டியல் ஓட்டத்தில் நடந்திருக்கிற காரியம்.

விளைவைப் பாருங்கள். மாணவனைக் கூப்பிட்டு காதில் எத்தனை எலும்பு என்று கேட்டால் நான்கு என்கிறான். உடம்பில் மொத்தம் 206 எலும்புகள் என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்தக் கணக்கில் காதுக்கு மூன்று வீதம் ஆறுதான் சேர்ந்திருக்கிறது. நத்தையும் எலும்பென்றால் 208 வரவேண்டும். அதே பாடநூலின் முந்தைய பாடத்தோடே இந்தச் சொல் சண்டை போடுகிறது.

இங்கே ஒரு பதில் வரும், எனக்கே பலமுறை வந்திருக்கிறது: "அது எலும்புக்குள்ளேதானே இருக்கிறது? எலும்புச் சுவர் உண்டல்லவா?" உண்டு. தலையோட்டின் பக்கவாட்டு எலும்புக்குள், பாறை போலக் கெட்டியான ஒரு பகுதியைக் குடைந்தாற்போல அந்தச் சுருள் அமைந்திருக்கிறது. ஆனால் மலையைக் குடைந்த குகையை யாராவது மலை என்பார்களா? சுவர் எலும்பு. அந்தச் சுவர் எதைச் சுற்றி இருக்கிறதோ அதுதான் கேட்கும் வேலையைச் செய்வது.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் எலும்பு என்ற சொல் எவ்வளவு தூரம் வழிதவறிப் போகிறது என்று புரியும். பட்டாணி அளவுள்ள சுருள் அது. இரண்டரைச் சுற்று, சிலருக்கு இரண்டேமுக்கால். சுருளைப் பிரித்து நீட்ட முடிந்தால் சுமார் 35 மில்லிமீட்டர் வரும். உள்ளே நீளவாக்கில் மூன்று அறைகள், மூன்றிலும் திரவம். அங்கவடியின் அடித்தட்டு நீள்வட்டப் பலகணி என்ற வாசலில் பொருந்தியிருக்கிறது. அது உள்ளே தள்ளும்போது திரவம் எங்கே போகும்? திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால் கீழே இன்னொரு வாசல், வட்டப் பலகணி, மெல்லிய சவ்வு போட்டு மூடியது. மேலே உள்ளே தள்ளினால் கீழே வெளியே புடைக்கிறது. அங்கே வெளியே தள்ளினால் இங்கே உள்வாங்குகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கிறது. எலும்புக்கு எதற்குப் புடைத்து உள்வாங்கும் வாசல்?

அப்புறம் அடித்தளச் சவ்வு. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நத்தைக்கூடு வாயில் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் இருக்கும் அல்லவா, உட்செவிச் சுருளும் அப்படித்தான். ஆனால் உள்ளே ஓடும் சவ்வு நேர்மாறு. வாசல் பக்கம் குறுகலாக, விறைப்பாக இருக்கும். நுனிக்குப் போகப்போக அகலமாகித் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால்தான் கீச்சென்ற ஒலிகள் வாசலருகே சவ்வை ஆட்டுகின்றன, கனத்த ஒலிகள் உள்ளே நுனிவரை போய் ஆட்டுகின்றன. எந்த இடம் அதிகம் ஆடுகிறதோ அதைப் பொறுத்து சுருதி. இதை இறந்தவர்களின் காதுகளில் நேரிலேயே பார்த்துக் காட்டிய கியார்க் ஃபான் பெக்கெசிக்கு 1961இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வயதானால் முதலில் போவது வாசல் பக்கத்துக் கீச்சு ஒலிகள்தான். வீட்டில் பெரியவர்கள் "நீ பேசறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்பது சும்மா இல்லை. ச, ஸ, ஃப மாதிரியான ஒலிகளின் கூர்மை அந்த உயர்ந்த அலைவரிசையில்தான் இருக்கிறது.

சரி, எலும்பை விட்டுவிடலாம். வேறு என்ன வைப்பது? இங்கேதான் தனித்தமிழ் அன்பர்கள் வந்து 'செவிச்சங்கு' என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காதில் சங்கை வைத்துக் கடலோசை கேட்ட நினைவு யாருக்குத்தான் இல்லை. ஆனால் எனக்கு இது ஒப்பவில்லை. சங்கு தமிழா வடமொழியா என்ற பழைய வழக்கை நான் இங்கே இழுக்கவில்லை, அதில் இறங்கினால் பொழுது விடிந்துவிடும். என் தடை வேறு. காதில் சங்கின் பெயரை ஏற்கெனவே இன்னொரு இடம் வாங்கிவிட்டது. வெளிக்காது மடலில், துளைக்கு முன்னால் விரல்நுனி வைத்தால் பொருந்துகிற அந்தக் குழிவுக்கு உடற்கூறியலில் 'காங்கா' என்று பெயர். லத்தீனில் அதற்குச் சிப்பி, சங்கு என்று பொருள். நாளைக்கு ஒருவர் அதை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் செவிச்சங்கு என்றுதான் எழுதுவார், எழுதவும் வேண்டும். அப்போது வெளிக்காதிலும் ஒரு செவிச்சங்கு, உட்காதிலும் ஒரு செவிச்சங்கு. காது மூக்கு தொண்டை மருத்துவர் எந்தச் சங்கைச் சொல்கிறார் என்று நோயாளி விழிக்க வேண்டியதுதான். ஒரு சொல்லை உருவாக்குகிறவர் பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

'செவிச்சுருள்' இன்னொரு யோசனை. இதில் பிழை ஏதும் இல்லை. எழுதுங்கள், நான் அடிக்க வரமாட்டேன். ஆனால் சுருள் என்றதும் மனதில் வருவது கடிகாரச் சுருளோ மின்சுருளோ; உள்ளே அறைகளும் திரவமும் உள்ள ஒன்று என்று தோன்றாது. நத்தை என்றால் தோன்றும். ஓடும், ஓட்டுக்குள் ஈரமான ஒன்றும் உடனே கண்முன் வருகிறது. ஜெர்மன்காரன் ஷ்னெக்கே என்கிறான், நத்தை. ரஷ்யன் உலீத்கா என்கிறான், அதுவும் நத்தை. டச்சுக்காரன் இன்னும் ஒரு படி மேலே போய் நத்தைவீடு என்கிறான். சீனத்திலும் ஜப்பானிலும்கூட நத்தையைக் குறிக்கும் எழுத்துகள்தான். யாரும் வெட்கப்படவில்லை, யாரும் எலும்பைச் சேர்க்கவும் இல்லை. நமக்கு மட்டும் நத்தை என்று வெறுமனே சொல்ல ஏதோ கூச்சம்.

நத்தை நமக்கு அந்நியமும் இல்லை. அதன் பழைய வடிவம் நந்து. தொல்காப்பியத்தின் மரபியலில் "நந்தும் முரளும் ஈரறிவினவே" என்று வரும். தொடுதலும் சுவையும் மட்டும் உள்ள உயிர் என்று அதை இரண்டாம் படியில் வைத்தார்கள். செவியறிவு ஐந்தாம் படியில்தான் வருகிறது. காதே இல்லாத உயிரின் பெயரைக் காதின் உயிர்நாடிக்கு வைத்தோம் என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. புறநானூற்றின் 266ஆம் பாட்டில் ஆம்பல் இலை நிழலில் ஆண் நந்து, பெண் சங்கோடு மணம் புரியும். அந்த நந்துக்குப் புலவர் கொடுத்த அடை 'சுரிமுக'. சுரிந்த, அதாவது சுருண்ட முகம். நந்து என்பது நத்தைக்கும் சங்குக்கும் பொதுவாக நின்ற சொல். கிரேக்கத்தின் கொக்லோஸும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. 'செவிநந்து' என்று வைக்கலாமே என்று ஆசைதான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னொரு புதிர் போடுவதற்கு மனம் வரவில்லை.

என் தேர்வு செவிநத்தை. அதன் எலும்புச் சுவரைத் தனியாகக் குறிக்க வேண்டிய இடத்தில் நத்தைக்கூடு. உள்ளே நடுவில் ஓடும் சவ்வுக் குழாய்க்கு நத்தைக்குழல். அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்புக்கு நத்தை நரம்பு. நத்தை எலும்பை வைத்துக்கொண்டு இப்படிக் கிளை பிரித்துப் பாருங்கள். நத்தை எலும்புக் குழாய், நத்தை எலும்பு நரம்பு, போதாக்குறைக்கு நத்தை எலும்பின் எலும்பு.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் கோபம் இங்கேயே நிற்கவில்லை. செவிநத்தைக்குள், அடித்தளச் சவ்வின்மேல் இருக்கும் கார்ட்டி உறுப்பில் உள்ள உணர்செல்களை 'முடி செல்கள்' என்று எழுதுகிறார்கள். நான்கு வரிசையில் ஏறக்குறைய 15,000 செல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய இழைக் கற்றை. அந்த இழை முடியே இல்லை. உறவினர் ஒருவர் காது மடலில் வளர்ந்த முடியைச் சவரம் செய்தால் செவித்திறன் குறையுமா என்று என்னிடம் கேட்டார். வாட்ஸப்பில் வந்த ஒரு கட்டுரையில் 'காதிலுள்ள முடி செல்கள் உதிர்ந்தால் திரும்ப முளைக்காது' என்று படித்தாராம். அழிந்தால் திரும்ப வராது என்பது உண்மைதான், பாலூட்டிகளுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் உதிர்வது, முளைப்பது என்று எழுதினால் அவர் கண்ணாடி முன்னால் போய்த்தானே நிற்பார்? நுண்ணிழைச் செல் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இம்ப்ளான்ட் விஷயத்தில் இது சும்மா சொல்லாராய்ச்சி இல்லை. அந்தச் சிகிச்சையில் எலும்பு எதையும் பொருத்துவதில்லை. மெல்லிய கம்பிபோன்ற மின்முனை வரிசையை வட்டப் பலகணி வழியாகவோ அதன் அருகிலோ செவிநத்தைக்குள் நுழைக்கிறார்கள். அது சேதமான நுண்ணிழைச் செல்களைத் தாண்டி நரம்பையே நேராகத் தூண்டுகிறது. வாசலருகே உள்ள மின்முனை கீச்சு ஒலிக்கு, உள்ளே போனது கனத்த ஒலிக்கு. வெளியே காதுக்குப் பின்னால் ஒலியை வாங்கும் கருவி, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். எலும்பை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கும் அறுவை சிகிச்சை உண்டு, அது அங்கவடிக்கு. அங்கவடி இறுகி அசையாமல் போனால் அதன் இடத்தில் சிறிய பிஸ்டன் வைப்பார்கள். அது வேறு நோய், வேறு சிகிச்சை, பெரும்பாலும் வேறு வயதினர். 'நத்தை எலும்பு பொருத்துதல்' என்று படிக்கும் தாய் இரண்டையும் குழப்பிக்கொண்டால் யாரைச் சொல்வது? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே இந்தச் சிகிச்சை இருக்கிறது. ஊர் ஊராகக் குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். விண்ணப்பம் நிரப்ப வரும் பெற்றோர் காக்ளியர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், சொல்லட்டும். தமிழில் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் செவிநத்தைக் கருவி என்று எழுதுங்கள். அதுவும் பிடிக்கவில்லையா, காக்ளியர் கருவி என்று விட்டுவிடுங்கள்.