அருகிய இனம்

'அழிந்துவரும் விலங்கு' என்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். எண்டேஞ்சர்ட் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படி எழுதுகிறார்கள். அதற்கு 'அருகிய இனம்' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது.

அருகுதல் என்றால் குறைதல், அரிதாதல். எப்போதாவது வரும் சொல்லாட்சியை இலக்கண உரைகாரர்கள் 'அருகி வரும்' என்பார்கள். ('அருகில்' என்பதிலுள்ள அருகு பக்கத்தைக் குறிப்பது, அதன் பொருளை இங்கே ஏற்ற வேண்டாம்.) ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் டேஞ்சர், பழைய பிரெஞ்சில் ஒரு பிரபுவுக்குப் பிறர்மேல் இருந்த அதிகாரத்தைக் குறித்தது. தலைவன் எனப் பொருள்படும் 'டொமினுஸ்' என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். அந்த அதிகாரத்தின் பிடியில் இருப்பது என்ற பொருள் நாளடைவில் ஆபத்து என்று மாறியது.

உயிரினங்களை அழியும் ஆபத்தின் அளவுப்படி வகைப்படுத்துவது, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964இல் தொடங்கிய செம்பட்டியல். அதில் 'அருகிய இனம்' என்பது ஒரு படிநிலையின் பெயர். அதற்குக் கீழே அழிவாய்ப்பு இனம்; மேலே மிக அருகிய இனம், இயலிடத்தில் (இயற்கையான வாழிடத்தில்) அற்றுவிட்ட இனம், அற்றுவிட்ட இனம். 'அழிந்துவரும்' என்று மட்டும் எழுதினால் எந்தப் படி என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

நம் வரையாடு அருகிய இனம். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருந்தன. ஆசிய யானையும் அதே படியில்தான் இருக்கிறது. ஆனால் 2017 கணக்கெடுப்பில் இந்தியாவில் மட்டும் 27,000க்கும் மேற்பட்ட யானைகள். இரண்டும் ஒரே படிக்கு வந்த வழிகள் வேறு. முதிர்ந்த வரையாடுகள் 2,500க்கும் குறைவு, அந்தச் சிறு தொகையும் குறைந்துகொண்டிருந்தது. யானையோ மூன்று தலைமுறைக் காலத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. எண்ணிக்கை சிறுத்த நிலை, சிறுத்துக்கொண்டே போகும் போக்கு இரண்டையும் 'அருகு' என்ற ஒரே வினை தாங்குகிறது. அதனால்தான் இச்சொல்லை விரும்புகிறேன்.

பரவல் வரைபடங்களிலும் இப்படியொரு குழப்பம் உண்டு. நீலகிரி முதல் அகத்தியமலை வரை வரையாடு காணப்படும் புள்ளிகளையெல்லாம் வெளிக்கோட்டால் வளைத்தால் கிடைப்பது பரவல் எல்லை. அதற்குள் ஊர்களும் தேயிலைத் தோட்டங்களும் அடங்கிவிடும். நிலத்தை இரண்டு கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, விலங்கு இருக்கும் கட்டங்களை மட்டும் கூட்டினால் கிடைப்பது வாழும் பரப்பு. இரண்டையும் 'பரப்பளவு' என்று எழுதிவிட்டால், பாறைச் சரிவிலும் புல்வெளியிலும் மட்டும் வாழும் ஆட்டுக்கு மலைத்தொடர் முழுவதும் சொந்தம் என்றாகிவிடும்.