போக்சோ வழக்கில் இழப்பீடு: தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைக்கு இழப்பீடு என்றதும், குற்றவாளி உள்ளே போன பிறகு வரும் பணம் என்றுதான் பல குடும்பங்கள் நினைக்கின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போக்சோ என்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். அதன் 2020-ஆம் ஆண்டு விதிகளில் 9-ஆவது விதிப்படி, எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், ஆளே யாரென்று தெரியாமல் போனாலும்கூட, குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மாநில அரசு கொடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், சாப்பாடு, துணிமணி, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரை செய்யலாம். பரிந்துரை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கிறது 8-ஆவது விதி. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

நீதிமன்றம் தானாகவும் இழப்பீடு வழங்கலாம். ஆனாலும் மனு போட்டுவிடுவதே நல்லது. அரசு வழக்கறிஞரின் வேலை குற்றத்தை நிரூபிப்பது. ஆஸ்பத்திரி பில்லையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் தேடிச் சேர்ப்பது அவர் தலையில் இல்லை. அதற்குத்தான் குழந்தை தரப்பில் தனி வழக்கறிஞர். போக்சோ சட்டம் 40-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், 15100-க்கும் அழைக்கலாம்.

1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 18 வயது தாண்டிய ஆணுக்கு, வேறு சலுகைப் பிரிவில் வராவிட்டால், வருமானம் பார்ப்பார்கள். சிறுவயதில் பாதிக்கப்பட்டு வளர்ந்தபின் வாய் திறக்கும் ஆண்களுக்கு இது ஒரு வீண் தடை.

மனுவில் என்ன இருக்க வேண்டும்? கொடுமையின் தீவிரம், ஒருமுறை நடந்ததா தொடர்ந்து நடந்ததா, செய்தவர் குழந்தைக்கு என்ன உறவு, சிகிச்சைக்கு ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவு, படிப்பு நின்றதா, கர்ப்பமோ ஊனமோ ஏற்பட்டதா, குடும்பத்தின் பண நிலை என்ன என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியவற்றை 9-ஆவது விதியே வரிசையாகச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் இருந்தால் மனு கனக்கும். மனநல ஆலோசனைக்குப் போன தேதிகள்கூட உதவும்.

தொகை எவ்வளவு? போக்சோ விதிகளில் அட்டவணை கிடையாது. பாதிக்கப்பட்ட பெண்களுக்காகத் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் வகுத்த 2018 இழப்பீட்டுத் திட்டத்தை வழிகாட்டியாகக் கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு சொன்னது. ஆண் குழந்தைகளுக்கும் அது பொருந்தும். அதில் பாலியல் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய், பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் 50 சதவீதம் கூடுதல். அந்தத் திட்டப்படி சிறாருக்கான தொகையில் 80 சதவீதம் வங்கியில் வைப்புநிதியாகப் போடப்படும்; படிப்பு, மருத்துவம் போன்ற அவசரத் தேவைக்கு இடையில் எடுக்க அனுமதி கேட்கலாம்.

சம்பவம் நடந்து ஆண்டுகள் கழிந்துவிட்டனவா? மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குப் புகார் தரக் காலவரம்பு இல்லை. ஆனால் போக்சோ நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14-இல். அதற்கு முந்தைய சம்பவங்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம்தான்.

‘வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் எனக்கு’ என்று எந்த வழக்கறிஞராவது பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. இலவச உதவிக்கு வந்தவர் காசு கேட்டால் நியமித்த ஆணைக்குழுவிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். எதிர்த்தரப்பு ஊர்ப் பெரியவர்களை வைத்து நீட்டும் பணம் இழப்பீடே அல்ல. அதை வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.