மருத்துவமனையில் வந்த தொற்றுக்கு மெடிகேர் பிடிக்கும் 1%

சிகிச்சைக்கு வந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் தொற்று, படுக்கைப் புண், வார்டில் விழுந்து எலும்பு முறிவு ஆகியவற்றுக்காக அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மருத்துவமனைகளிடம் இரண்டு வழியில் பணம் பிடிக்கிறது. இரண்டையும் ஒன்றென நினைத்துக் குழம்புவோர் உண்டு.

முதலாவது, பில்லிலேயே நடப்பது. 2008 அக்டோபர் 1 முதல், பட்டியலில் உள்ள சிக்கல் உள்ளே வந்த பிறகு ஏற்பட்டிருந்தால் அதற்கான கூடுதல் தொகை கிடையாது. தீர்மானிப்பது நோய்க் குறியீட்டோடு போடும் ஓர் எழுத்து. அட்மிஷனின்போதே இருந்தால் ‘ஒய்’, இல்லாவிட்டால் ‘என்’, மருத்துவராலேயே சொல்ல முடியாவிட்டால் ‘டபிள்யூ’, கேஸ் ஷீட்டில் போதிய குறிப்பு இல்லாவிட்டால் ‘யூ’. ஒய், டபிள்யூ இரண்டுக்கும் பணம் உண்டு. என், யூ இரண்டுக்கும் இல்லை. ஆழமான படுக்கைப் புண்ணோடு வந்தவரைத் திருப்பிப் பார்த்து அன்றே எழுதிவைக்காவிட்டால், அந்தப் புண் மருத்துவமனையின் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டாவதுதான் பெரிய வெட்டு. 2010 சுகாதாரச் சட்டத்தில் வந்தது, 2014 அக்டோபரில் தொடங்கியது. மதிப்பெண்ணில் மோசமான கால்பங்கில் விழுந்தால், அந்த நிதியாண்டின் உள்நோயாளிகளுக்கான மெடிகேர் தொகை முழுவதிலும் 1% போகும். 10 கோடி டாலர் வாங்கும் இடத்துக்கு 10 லட்சம் டாலர். எல்லா மருத்துவமனைகளும் முன்னேறினாலும் கடைசிக் கால்பங்கு என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். கோட்டுக்கு அந்தப் பக்கம் மயிரிழையில் தப்பியவருக்கு ஒன்றும் இல்லை, இந்தப் பக்கம் இருப்பவருக்கு முழு வெட்டு. நன்றாகச் செய்தவருக்கு இதில் பரிசும் கிடையாது. தனிக் கட்டண முறை வைத்திருக்கும் மேரிலாந்து மாநிலம் பரிசு, அபராதம் இரண்டையும் வைத்திருப்பது இதைவிட நியாயம்.

மதிப்பெண்ணுக்கு ஆறு அளவீடுகள், சம எடை. ஐந்து தொற்று பற்றியவை: பெரிய ரத்த நாளத்தில் செருகும் குழாய் வழி ரத்தத் தொற்று, சிறுநீர் வடிக்கப் பொருத்தும் குழாயால் வரும் தொற்று, பெருங்குடல் மற்றும் கருப்பை அறுவைக் காயத் தொற்று, ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ (பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி), சி. டிஃப் (பேதி உண்டாக்கும் குடல் கிருமி). ஆறாவது, பில்களிலிருந்து எடுக்கும் பத்துப் பாதுகாப்புக் குறிகளின் தொகுப்பு.

சி. டிஃபில் சறுக்குவது எளிது. பேதியோடு வந்தவரின் மல மாதிரியை மூன்றாம் நாளுக்குள் எடுத்தால் வெளியிலிருந்து வந்த தொற்று. நான்காம் நாள் எடுத்தால் மருத்துவமனையுடையது. பேதி எப்போது தொடங்கியது என்று யாரும் கேட்பதில்லை, மாதிரி எடுத்த தேதிதான் கணக்கு. அதற்காக அறிகுறி இல்லாதவருக்கெல்லாம் சோதனை செய்தால், வெறுமனே கிருமியைச் சுமப்பவரும் எண்ணிக்கையில் ஏறுவார்.

சிறுநீர் வடிக்கும் குழாயில் வேறொரு விசித்திரம். மதிப்பு, வந்த தொற்றை எதிர்பார்த்த தொற்றால் வகுத்து வருவது. தேவையில்லாத குழாய்களைக் கழற்றினால் தொற்று குறையும். நோயாளிகள் குழாயோடு இருக்கும் நாட்களும் குறைவதால் எதிர்பார்ப்பும் இறங்கி, விகிதம் அசையாமல் நிற்கலாம். கழற்றத்தான் வேண்டும், ஆனால் மதிப்பெண் உடனே ஏறும் என்று நிர்வாகத்திடம் சொல்லிவிடாதீர்கள்.

முடிவு வந்தபின் சரிபார்க்க 30 நாள் தருவார்கள். அதில் கணக்குப் பிழையை மட்டுமே கேட்கலாம். தொற்றுத் தரவில் தவறு இருந்தால், அந்தக் காலாண்டு முடிந்து நாலரை மாதத்துக்குள் திருத்தியிருக்க வேண்டும்.