ஐந்து நாள் மாத்திரை

போன மாதம் அவசரப் பிரிவில் ஒரு மகன் ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன். ஐந்து நாள் க்ளோபிடோக்ரெல் பிரிக்காமல் அப்படியே இருந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மாவுக்கு இடது கை தூக்க வரவில்லை, வாய் கோணியிருந்தது. ஏழு வாரத்துக்கு முன்னால்தான் மூளை ரத்தக்குழாயில் பலூன் மாதிரி புடைத்திருந்த அனியூரிசத்துக்கு ஃப்ளோ டைவர்ட்டர் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தோம்.

பல் பிடுங்கப் போயிருக்கிறார். "ரத்தம் நிக்காதும்மா, அஞ்சு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்றார்களாம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகன் சொன்னார்: "மூளையில ரத்தம் கசியுற வியாதிக்கு ரத்தத்தை இளக்குற மாத்திரை எதுக்குன்னு எங்களுக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு சார்."

இதே காரணத்தோடு இந்த வருஷம் வந்த மூன்றாவது ஆள் இவர். என் சண்டையெல்லாம் மகன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

முதலில், அந்த அம்மாவுக்கு ரத்தம் கசியவே இல்லை. பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கும். பலருக்கு அது கடைசிவரை வெடிக்காது, தெரியவும் தெரியாது. இவருக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. அளவும் இருந்த இடமும் சரியில்லாததால் சிகிச்சை செய்தோம்.

அடுத்து, நாங்கள் உள்ளே வைத்தது என்ன? மெல்லிய உலோகக் கம்பிகளைப் பின்னிய வலைக்குழாய். அமெரிக்காவில் 2011-இல் அனுமதி பெற்ற 'பைப்லைன்' என்ற ஃப்ளோ டைவர்ட்டரில் 48 இழைகள். தொடை இடுக்கு வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ கொண்டுபோய், புடைப்புக்குள் வைக்காமல், அதன் வாயை மறித்தாற்போல் குழாய்க்குள்ளேயே விரித்துவிடுவோம். ரத்தம் நேராகப் போய்விடும். புடைப்புக்குள் தேங்குவது மெல்ல உறைந்து மூடும். மெல்ல என்றால் மெல்லத்தான். அந்த அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் ஆறு மாதத்தில் முழுசாக மூடியவை ஏறக்குறைய 74 சதவீதம். ஐந்து வருஷத்தில் 95 சதவீதம்.

அதுவரை? ஓடுகிற ரத்தத்தின் நடுவில் வெறும் உலோகம். ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) அதைக் கண்டால் ஒட்டும், கட்டியாகும், குழாயை அடைக்கும். குழாயின் சொந்த உட்படலம் வலைமேல் வளர்ந்து மூடும்வரை, ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும்தான் காவல். சாம்பாரில் தண்ணீர் ஊற்றுவதுபோல இவை ரத்தத்தை இளக்குவதில்லை. தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கின்றன, அவ்வளவுதான். 'ரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்ற பெயரை யார் வைத்தார்களோ தெரியவில்லை, அதற்கான விலையை நாங்கள் கேத் லேபில், ரத்தக்குழாய் வழியே சிகிச்சை செய்யும் அறையில், கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. "சின்ன துளைதான், மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்று நாங்களே சொல்கிறோம். தலையில் தையல் இல்லை, முடி எடுக்கவில்லை. வந்து பார்க்கும் சொந்தக்காரர்களுக்கு ஆபரேஷன் நடந்ததாகவே தோன்றாது.

சரி, இந்த வலைக்குழாய் வைத்தவர்களுக்கு இனி கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பல் டாக்டரோ மருந்துக் கடைக்காரரோ பக்கத்து வீட்டு மாமாவோ, யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பெரும்பாலான பல்லை மாத்திரை போட்டுக்கொண்டே பிடுங்கலாம். பஞ்சு வைத்து அழுத்தினால், தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டால் ரத்தம் நிற்கும். தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள். கேஸ் மாத்திரை என்று ஒமிப்ரசோல் வாங்கிப் போடாதீர்கள், க்ளோபிடோக்ரெலின் வேலையை அது கெடுக்கும். க்ளோபிடோக்ரெல் சிலருக்குப் பரம்பரையாகவே சரியாக வேலை செய்யாது; ரத்தம் எடுத்துப் பார்த்து அவர்களுக்கு வேறு மாத்திரை கொடுத்திருப்போம். அதனால் கடையில் 'இது இல்ல, அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு' என்று தருவதும் வேண்டாம். புடைப்புக்குள்ளேயே அடைக்கும் பிளாட்டினம் காயில் (கம்பிச்சுருள்) மட்டும் வைத்தவருக்கு மாத்திரைக் கணக்கு வேறு. அவரோடு உங்களை ஒப்பிடாதீர்கள்.

தோலில் ஆங்காங்கே நீலம் பாய்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. மலம் கறுப்பாகப் போனால் உடனே வாருங்கள். திடீரென்று வாய் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ, இதுவரை வராத அளவுக்குத் தலைவலி இடி மாதிரி இறங்கினாலோ 108. சிகரெட்டை விடுங்கள், பிபியைப் பாருங்கள். ஆறாம் மாத ஆஞ்சியோவைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

அந்த அம்மாவுக்கு அடைத்திருந்த ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுத்தோம். வாய்க்கோணல் சரியாகிவிட்டது. புடவைக் கொசுவம் பிடிக்க மட்டும் இன்னும் மருமகள் வேண்டும்.

இப்போதெல்லாம் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்: "இந்த மாத்திரையை நிறுத்தும் முன் எனக்குப் போன் செய்யவும். நடு ராத்திரி ஆனாலும்." கீழே என் நம்பர்.